பழைய ரோட்டை யார் போடுவது

பம்பாய்
23-6-91

அன்புள்ள அக்காவுக்கு,

கோதண்டம் எழுதுகிறேன். நானும் காவேரியும் சௌக்கியம். மாமாவுக்குக் கால் எப்படி இருக்கிறது? காலையில் எழுந்ததும் மடக்க முடியவில்லை என்று போன கடிதத்தில் எழுதியிருந்தாய். தைலம் தீர்ந்திருந்தால் சொல், இங்கிருந்து அனுப்புகிறேன்.

இங்கே மழை பிடித்துக்கொண்டது. துணி காயவில்லை, காவேரிக்குச் சளி விடவில்லை. வாலாஜாபாத்தில் வாசலும் தோட்டமுமாக வளர்ந்தவள், நாலாவது மாடியில் ஒரே ஜன்னலோடு குடித்தனம் நடத்துகிறாள். வாய் திறந்து ஒன்றும் சொல்ல மாட்டாள். ஊரிலிருந்து கடிதம் வந்தால் மட்டும் இரண்டு தடவை படிப்பாள்.

மே மாதம் குண்டு வெடித்ததற்குப் பிறகு பெரும்புதூர் பக்கம் எப்படி இருக்கிறது? இங்கே யாரிடமாவது தாலுகாவின் பெயரைச் சொன்னால் திரும்பி ஒருமுறை முகத்தைப் பார்க்கிறார்கள்.

இன்னொரு விஷயம். நம் வண்டலூர்–வாலாஜாபாத் ரோட்டை டோல்கேட் வைத்து அகலப்படுத்தப் போவதாகக் காதில் விழுந்தது. ஊரில் என்ன பேசிக்கொள்கிறார்கள்? பால் சங்கத்தில் உட்கார்ந்திருக்கும் உனக்குத் தெரியாத பேச்சு ஏது. ஒழிந்தபோது விவரமாக எழுது.

உன் தம்பி
கோதண்டராமன்

*

சேரப்பணஞ்சேரி
5-7-91

தம்பி கோதண்டத்துக்கு,

அக்கா அம்சவல்லியின் ஆசிகள். கடவுள் புண்ணியத்தில் இங்கே யாருக்கும் குறைவில்லை. உன் மாமா காலை இழுத்துக்கொண்டுதான் நடக்கிறார், ஆனால் வாய் நன்றாக இருக்கிறது. காவேரிக்குத் துளசியும் மிளகும் கொதிக்க வைத்துக் கொடு. மாத்திரை வேண்டாம்.

பெரும்புதூரில் போலீஸ் வண்டிகள் குறைந்திருக்கின்றன. சந்தைக்குப் போகிறவர்களை நிறுத்திப் பேர் கேட்பதில்லை. அவ்வளவுதான் சொல்ல முடியும்.

ரோட்டைக் கேட்டிருந்தாய். வருஷத்துக்கு இரண்டு கடிதம் போடுகிறவனுக்கு இந்த வருஷம் இது மூன்றாவது. ஊர் ஞாபகம் வந்துவிட்டது போலிருக்கிறது. சந்தோஷம்.

நீ கேள்விப்பட்டது உண்மைதான். படப்பை யூனியன் ஆபீசில் நோட்டீஸ் ஒட்டியிருக்கிறார்கள். அரசாங்கத்திடம் பணம் இல்லையாம். ஒரு தனியார் கம்பெனி தன் கைப்பணத்தில் பழைய ரோட்டுக்குப் பக்கத்திலேயே அகலமாகப் புது ரோடு போடுமாம். அதில் போகிற வண்டிக்குக் காசு வாங்கிக்கொள்ளுமாம். காசு கொடுக்க இஷ்டமில்லாதவன் பழைய ரோட்டிலேயே போகலாம். ஐப்பசியில் கூட்டம் போட்டு ஜனங்களைக் கேட்டு முடிவு செய்வார்களாம்.

ஊர் இரண்டாகத்தான் இருக்கிறது. காலையில் கேனோடு வந்து நிற்கிறவர்கள் பால் அளந்து முடிந்தும் நகர்வதில்லை. “ரோட்டுக்குத் துட்டா? நாளைக்கி காத்துக்கும் கேப்பான்” என்கிறான் ஒருவன். “நீ பஸ்ல தொங்கிகினு போறியே, அந்த உசுருக்கு எவன் துட்டு குடுப்பான்?” என்கிறான் இன்னொருவன்.

நம் வீட்டில் ரோடு வேண்டும் என்கிற கட்சி. இரண்டு வருஷத்துக்கு முன் பால் கேனோடு சைக்கிளில் போன உன் மாமாவை லாரி பள்ளத்தில் தள்ளிவிட்டுப் போனது உனக்குத் தெரியும். அந்த இடத்தில் இரண்டு லாரி எதிரெதிரே வந்தால் சைக்கிள்காரனுக்குப் பள்ளம்தான் வழி. அவர் சொல்கிறார், துட்டு வாங்கினாலும் பரவாயில்லை, அகலமாக ஒரு ரோடு வரட்டும் என்று. எனக்கும் அதே எண்ணம்தான். ஒரு சந்தேகம் மட்டும் உண்டு. புது ரோடு வந்த பிறகு பழைய ரோடு குண்டும் குழியுமானால் அதை யார் போடுவது? நீ இன்ஜினியர், உனக்குத் தெரிந்திருக்கும்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள் இருவரும்.

அக்கா
அம்சவல்லி

*

பம்பாய்
16-7-91

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. காவேரி எனக்கு முன்பே படித்துவிட்டாள். கஷாயம் வேலை செய்தது. மாமாவிடம் என் வணக்கத்தைச் சொல்.

நீ எழுதியதை அப்படியே கண்ணால் பார்த்த மாதிரி இருந்தது. உன்னைப் போல எழுத எனக்கு வராது.

நானும் இந்த விஷயத்தை யோசித்துப் பார்த்தேன். பேப்பரில் படித்திருப்பாய், ரூபாய் மதிப்பையே இறக்கிவிட்டார்கள். இந்த நிலைமையில் அரசாங்கம் நம் ரோட்டுக்குப் பணம் ஒதுக்கும் என்று காத்திருந்தால் நம் காலத்தில் நடக்காது. போகிறவன் கொடுக்கட்டும், போகாதவன் கொடுக்க வேண்டாம் என்பதில் ஒரு நியாயம் இருக்கிறது. ஒரகடம் பக்கம் தொழிற்சாலைகள் வரும் என்கிறார்கள். ரோடு இல்லாத இடத்துக்கு எந்த முதலாளியும் வர மாட்டான்.

ஆனால் ஜனங்களின் மனதில் பயம் இருந்தால் அது பேசினால்தான் தீரும். வேண்டாம் என்கிறவர்கள் யார் யார்? வெளியில் சொல்கிற காரணம் ஒன்று இருக்கும், உள்ளே ஒன்று இருக்கும். அந்த உள்ளே இருப்பதை உன்னால்தான் கண்டுபிடிக்க முடியும். எழுது.

இங்கே மழை விடவில்லை. வேறு விசேஷம் இல்லை.

உன் தம்பி
கோதண்டம்

*

சேரப்பணஞ்சேரி
4-8-91

தம்பிக்கு அம்சவல்லி எழுதுவது,

நாங்கள் நன்றாக இருக்கிறோம். ஆடிக்கூழ் ஊற்றினோம். நீங்கள் இல்லாதது ஒன்றுதான் குறை. காவேரியின் முகம் நினைவுக்கு வந்தது.

உள்ளே இருக்கிற காரணம் கேட்டாய். உண்மைதான், எல்லோருக்கும் ஒன்று இருக்கிறது.

மாட்டு வண்டி எல்லப்பன் நாலு பேர் நடுவில் சத்தம் போடுகிறான், ஏழை வயிற்றில் அடிக்கிறார்கள் என்று. ஆனால் அவனுக்குத் துட்டு பெரிசில்லை. நேற்று பால் ஊற்றிவிட்டு எல்லோரும் போன பிறகு என்னிடம் மெதுவாகச் சொன்னான். “துட்டு கெடக்குதும்மா. கேட்டாண்ட வண்டிய நிறுத்தி, கீழ எறங்கி, சட்டை போட்ட பையன்கிட்ட கைய கட்டிகினு நிக்கணுமே. எங்கப்பன் அப்படி நின்னான், நான் நிக்க மாட்டேன்.” அவன் அப்பா யாரிடம் எதற்காக நின்றார் என்று நான் கேட்கவில்லை.

கீரை விற்கிற பாப்பம்மாள் எதிர்ப்பது எதற்கென்றால், புது ரோடு வந்தால் பஸ் புளியமரத்தடியில் நிற்காது என்று யாரோ சொல்லிவிட்டார்கள். அவளுக்கு அந்த நிழல்தான் கடை. நிழலும் பஸ்ஸும் அங்கேயே இருக்கும் என்றால் நாளைக்கே கட்சி மாறிவிடுவாள்.

முன்னாள் பஞ்சாயத்துத் தலைவர் பரசுராமனுக்கு எதுவுமே பிரச்சினை இல்லை. “மொதல்ல என்னாண்ட வந்து ஒரு வார்த்தை கேட்டானா?” என்பதுதான் அவர் கோபம். யாராவது ஒரு துண்டோடு அவர் வீட்டுப் படியேறினால் போதும், ரோட்டுக்கு அவரே மண் வெட்டுவார்.

பார், ஊரே இப்படித்தான் இருக்கிறது. சிரிப்பாகவும் வருகிறது, பாவமாகவும் இருக்கிறது.

பழைய ரோட்டைப் பற்றிக் கேட்டிருந்தேன். அதற்கு நீ ஒன்றும் எழுதவில்லை. மறந்திருப்பாய். உன் மாமாவும் கேட்கிறார். பால் சைக்கிள்கள் காசு கொடுத்துப் புது ரோட்டில் போகப் போவதில்லை. எங்களுக்கு எப்படியும் பழைய ரோடுதான்.

சளி, காய்ச்சல் அண்டாமல் இருங்கள்.

அக்கா

*

பம்பாய்
19-8-91

அன்புள்ள அக்காவுக்கு,

நல்ல செய்தி சொல்லத்தான் இந்தக் கடிதம். காவேரி மூன்று மாதமாக முழுகாமல் இருக்கிறாள். டாக்டரம்மா எல்லாம் சரியாக இருப்பதாகச் சொன்னார். முதலில் உனக்குத்தான் எழுத வேண்டும் என்று அவளே சொன்னாள். வாலாஜாபாத்துக்கு நாளை எழுதுவாள்.

அவளை இந்த நாலாவது மாடியில் வைத்திருக்க எனக்கு மனமில்லை. ஒரு வேலை கூடிவந்தால் எனக்கு மெட்ராஸுக்கே மாற்றல் கிடைக்கும். பிள்ளை ஊர்ப்பக்கம் வளரும். இப்போதைக்கு யாரிடமும் சொல்லாதே, நிச்சயமில்லை.

ஊர் விஷயங்களை ரசித்துப் படித்தேன். மாமா காலுக்குத் தைலம் பார்சலில் வருகிறது.

உன் தம்பி
கோதண்டம்

*

சேரப்பணஞ்சேரி
18-9-91

தம்பி கோதண்டராமனுக்கு,

காவேரியின் செய்தி கேட்டு அம்மன் கோயிலில் விளக்குப் போட்டேன். அவள் படி ஏறி இறங்குவதைக் குறைக்கச் சொல். தைலம் வந்தது. உன் மாமா நலம். நானும்.

பதில் எழுதத் தாமதமானதற்குக் காரணம் சொல்லிவிடுகிறேன்.

போன வாரம் கம்பெனி ஜீப் ஊருக்குள் வந்தது. வேறு எங்கும் நிற்கவில்லை, முதலில் பரசுராமன் வீட்டுக்குத்தான் போனது. இறங்கிய அதிகாரி கையில் ஒரு தட்டு, தட்டில் துண்டு, பழம். “உங்களைக் கேக்காம இந்த ஊர்ல ஒரு கல்லும் விழாது” என்றாராம். பரசுராமன் இப்போது ரோட்டுக் கட்சி.

அடுத்தது புளியமரத்தடி. பஸ் இங்கேயேதான் நிற்கும், மரத்தை வெட்ட மாட்டோம், மேலே ஒரு கொட்டகையும் போட்டுத் தருவோம் என்று பாப்பம்மாளிடம் சொல்லியிருக்கிறார்கள்.

கடைசியாக எல்லப்பன் வீடு. மாட்டு வண்டிக்குக் காசு கிடையாது என்று சொன்னார்கள். அதோடு நிறுத்தியிருந்தால் எனக்கு ஒன்றும் தோன்றியிருக்காது. அந்த அதிகாரி குரலைத் தாழ்த்தி, “நீங்க வண்டியை விட்டு எறங்கவே வேணாம். யாருகிட்டயும் போய் நிக்க வேணாம். ஒக்காந்த எடத்துலயே போய்க்கினே இருக்கலாம்” என்றாராம்.

மறுநாள் காலை எல்லப்பன் பால் கொண்டுவந்தான். அளந்தேன். கேனை எடுக்காமல் நின்றான்.

“நான் உன்னாண்ட மட்டும்தானேம்மா சொன்னேன்” என்றான்.

கோபமாகச் சொல்லவில்லை. அவன் இப்போது பாலைத் தன் பெண்ணிடம் கொடுத்தனுப்புகிறான்.

ஊர்க்கதை எழுத இனி எனக்கு ஒழியாது. சங்கத்தில் வேலை அதிகம்.

காவேரியை நன்றாகப் பார்த்துக்கொள்.

அம்சவல்லி

*

பம்பாய்
29-9-91

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் வந்தது. மாமாவும் நீயும் நலமாக இருப்பது அறிந்து நிம்மதி.

காவேரிக்கு வாந்தி நின்றுவிட்டது. மாங்காய் கேட்கிறாள். இந்தப் பருவத்தில் எங்கே போவது, கடைத்தெரு முழுக்க அலைந்து ஊறுகாய்தான் வாங்கி வந்தேன். சிரித்தாள். பக்கத்து வீட்டு மராத்திக்கார அம்மாள் தினமும் வந்து விசாரித்துவிட்டுப் போகிறாள். பாஷை தெரியாமலேயே இருவரும் மணிக்கணக்காகப் பேசுகிறார்கள்.

அடுத்த மாதம் ஆபீஸ் வேலையாக மெட்ராஸ் பக்கம் வரவேண்டியிருக்கும் போலிருக்கிறது. வீட்டுக்கு வர முடியுமா என்று இப்போது சொல்ல முடியவில்லை.

நீ என்மேல் வருத்தமாக இல்லையே?

கோதண்டம்

*

சேரப்பணஞ்சேரி
12-10-91

தம்பிக்கு,

நலம். மழை இன்னும் இறங்கவில்லை. பால் வரத்து குறைவு. உன் மாமா விசாரித்தார். காவேரிக்கு மாவடு எல்லப்பன் வீட்டில் இருக்கும், கேட்க முடியவில்லை. வேறு இடத்தில் வாங்கி அனுப்பியிருக்கிறேன்.

அம்சவல்லி

*

சேரப்பணஞ்சேரி
30-10-91

தம்பி கோதண்டத்துக்கு,

காவேரி எப்படி இருக்கிறாள் என்பதை முதலில் எழுது. மற்றதெல்லாம் பிறகு. இங்கே உடம்புக்கு யாருக்கும் ஒன்றுமில்லை.

படப்பை கல்யாண மண்டபத்தில் நீ மேடையில் இருந்தாய், நான் கீழே பெண்கள் வரிசையில். அதனால் நீ பார்த்திருக்க முடியாததை எழுதுகிறேன்.

அதிகாரி மைக்கில், “கம்பெனி சார்பில் இன்ஜினியர் திரு. கோதண்டராமன் விளக்கம் தருவார், இவர் உங்கள் மண்ணின் மைந்தர்” என்று சொன்னதும் ஜனங்கள் என்ன பேசினார்கள் தெரியுமா? “நம்ம கோதண்டம்டா, டை கட்டிகினு கீறான் பாரு” என்று சந்தோஷப்பட்டார்கள். பாப்பம்மாள் என் தொடையில் தட்டினாள். எல்லப்பன் மட்டும் உன்னைப் பார்க்கவில்லை. திரும்பி என்னைப் பார்த்தான். அப்போதுதான் அவனுக்குப் புரிந்தது. எனக்கு ஒரு மாதத்துக்கு முன்பே புரிந்திருந்தது, ஆனாலும் உன்னை அந்த நாற்காலியில் பார்க்கும்வரை இல்லை என்றே வைத்துக்கொண்டிருந்தேன்.

நீ நன்றாகப் பேசினாய். அதைச் சொல்ல வேண்டும். ரோடு வந்தால் என்ன ஆகும் என்று நீ சொன்னதில் பொய் எதுவும் இல்லை. உன் மாமா தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். கேள்வி இருந்தால் கேட்கலாம் என்றதும் சிலர் துண்டை உதறிக்கொண்டு எழப் பார்த்தார்கள். கை தூக்கச் சொன்னால் எல்லோரும் தூக்கியிருப்பார்கள்.

எழுந்திருக்க வேண்டும் என்று வீட்டிலிருந்து நினைத்து வரவில்லை. ஆனால் எழுந்துவிட்டேன். உன்னை எப்படிக் கூப்பிடுவது என்று தெரியவில்லை. அதனால்தான் ‘ஐயா’ என்றேன். சிலர் சிரித்தார்கள், அக்கா தம்பியைக் கேலி செய்கிறாள் என்று நினைத்து.

“ஐயா, புது ரோடு வர்றது நல்லதுதான். நாங்க சைக்கிள்ல போறவங்க. பழைய ரோட்டுலதான் போவோம். அது கெட்டுப்போனா யாரு போடுவாங்க? இத நான் ரெண்டு தடவ கேட்டுட்டேன், இன்னும் பதில் வர்ல.”

நீ காகிதத்தைப் பார்த்தாய். பக்கத்திலிருந்தவர் உன் காதில் ஏதோ சொன்னார். அரசாங்கம் பார்த்துக்கொள்ளும் என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு நீ உட்கார்ந்திருக்கலாம். யாரும் திருப்பிக் கேட்டிருக்க மாட்டார்கள், நான் உட்பட.

“யாரும் போட மாட்டாங்க” என்று நீ சொன்னாய். “அது ஒப்பந்தத்துல இல்ல. பழைய ரோடு கெடக் கெடத்தான் வண்டிங்க புது ரோட்டுக்கு வரும்னு கணக்குப் போட்டிருக்கு.”

அதற்குப் பிறகு நாற்காலி விழுந்ததும் சத்தமும் உனக்குத் தெரியும். உன்னை ஜீப்பில் ஏற்றிய பிறகு என்ன நடந்தது என்றால், பரசுராமன் தோளில் கிடந்த கம்பெனித் துண்டை எடுத்து மேடையில் போட்டுவிட்டு வந்தார். கை தூக்குவது நடக்கவில்லை. எல்லப்பன் என் அருகில் வந்து நின்றான். “தம்பிய நீ ஏசாத” என்று மட்டும் சொன்னான்.

ஜீப் நம் தெரு முனையைத் தாண்டிப் போனது. நீ வருவாய் என்று நான் சமைக்கவில்லை. இல்லை, சமைத்திருந்தேன். உன் மாமா இரண்டு பேர் சாப்பாட்டைச் சாப்பிட்டார்.

உன்னை ஏசுவதற்கு எனக்கு நிறைய இருக்கிறது. இன்றைக்கு வேண்டாம்.

அக்கா

*

பம்பாய்
17-11-91

அன்புள்ள அக்காவுக்கு,

காவேரி நன்றாக இருக்கிறாள். குழந்தை அசைவது தெரிகிறது என்கிறாள். மாவடு வந்து சேர்ந்தது. மாமாவையும் உன்னையும் மழைக்காலம் வாட்டாமல் இருக்க வேண்டும்.

பதினைந்து நாளாக இதை எழுதுகிறேன், கிழிக்கிறேன்.

கம்பெனி அந்த வேலையிலிருந்து விலகிக்கொண்டது. ஜனங்களின் எதிர்ப்பு என்று கடிதம் கொடுத்துவிட்டார்கள். என்னை வேலையை விட்டு எடுக்கவில்லை. கொங்கண் பக்கம் மலைக்கு நடுவில் ஒரு பாலம் கட்டுகிறார்கள், அங்கே போகச் சொல்லிவிட்டார்கள். குடும்பத்தோடு இருக்க வசதி இல்லாத இடம். மெட்ராஸ் மாற்றல் இனி பேச்சில்லை. காவேரியைக் கார்த்திகை முடிவதற்குள் வாலாஜாபாத்தில் கொண்டுவந்து விடுவேன்.

உன் கடிதங்களை நான் யாருக்கும் கொடுக்கவில்லை. படித்துவிட்டு வாயால் சொன்னேன். அது பெரிய வித்தியாசம் என்று அப்போது நினைத்தேன். பயத்தைத் தீர்த்து வைக்கிறோம், நல்லதுதானே என்றும் நினைத்தேன். எல்லப்பன் அண்ணனின் அப்பாவைப் பற்றிச் சொல்லும்போது மட்டும் கொஞ்சம் தயங்கினேன். ஆனாலும் சொன்னேன்.

பழைய ரோட்டுக் கேள்விக்கு முதல் கடிதத்திலேயே எனக்குப் பதில் தெரியும். பொய் எழுத வரவில்லை, அதனால் விட்டுவிட்டேன். மண்டபத்தில் நீ ‘ஐயா’ என்று கூப்பிட்டாய். விட்டுவிட முடியவில்லை.

காவேரியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். பிறகு, “அக்காவுக்கு எழுதுனீங்களா?” என்று கேட்டாள்.

கோதண்டம்

*

சேரப்பணஞ்சேரி
15-12-91

தம்பி கோதண்டத்துக்கு அக்கா எழுதுவது,

அந்த மலையில் சாப்பாடு, தண்ணீர் எப்படி? கொதிக்க வைத்துத்தான் குடிக்க வேண்டும். நாங்கள் இருக்கிறோம்.

காவேரிக்கு வளைகாப்பு நல்லபடியாக நடந்தது. நாத்தனார் முறைக்கு முதல் வளையல் நான்தான் போட்டேன். அவளைக் கொண்டுவந்து விட்ட கையோடு நீ திரும்பியதையும் வளைகாப்புக்கு வர முடியாததையும் யாரும் பெரிதாகப் பேசவில்லை. முகம் தெளிவாக இருக்கிறது அவளுக்கு.

வாலாஜாபாத்துக்குப் போக நான் பட்ட பாட்டைக் கேள். ஐப்பசிக் கடைசியில் பிடித்த மழை, ரோட்டை இரண்டு இடத்தில் தின்றுவிட்டது. நாலு நாள் பால் வண்டி வரவில்லை. அவ்வளவு பாலையும் வாய்க்காலில் கொட்டினோம். அப்புறம் ஒரு தனியார் பஸ் ஓரம் சரிந்து வயலில் சாய்ந்தது. உயிர்ச்சேதம் இல்லை. பாப்பம்மாளுக்குக் கை முறிந்துவிட்டது.

இப்போது ஊரில் எனக்கு ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். ரோட்டை நிறுத்தியவள். முகத்துக்கு நேராகவும் சொல்கிறார்கள். “வர்ற ரோட்டை வாயால கெடுத்துட்டா” என்று. பால் கொட்டும்போது எனக்கும் அது தோன்றியது. மனதில் தோன்றியதை உனக்கு மறைத்து என்ன ஆகப் போகிறது.

பாப்பம்மாளைப் பார்க்கப் போனேன். திட்டுவாள் என்று நினைத்தேன். கட்டுப் போட்ட கையோடு, “புது ரோடு வந்திருந்தா மட்டும் நான் துட்டு குடுத்து அதுல போயிருப்பனா? இதே பஸ்ஸுல இதே ரோட்லதான் போயிருப்பேன். அப்பவும் ஒடிஞ்சிருக்கும். நீ இன்னாத்துக்கு அழுவுற?” என்றாள். நான் அழவில்லை. மழையில் நனைந்து போயிருந்தேன்.

உன் மாமா வேறு மாதிரி சொல்கிறார். “நீ கேட்டது சரிதான். ஆனா ரோடு வேணும். ரெண்டும் நெஜம்.” மழைக்கு அவர் கால் மிகவும் மோசம், கட்டிலை விட்டு இறங்க முடியவில்லை. அந்தக் காலுக்குத் தைலம் தேய்த்துவிடுவதுதான் என்னால் ஆனது.

இப்போது மறுபடி நோட்டீஸ் வந்திருக்கிறது. வேறு ஒரு கம்பெனி, அதே டோல்கேட். தை மாதம் கூட்டம். ஊர் சார்பில் பேச நாலு பேரைப் போட்டிருக்கிறார்கள், அதில் என்னையும். திட்டுகிறவர்களே என் பேரையும் சொன்னார்கள். எல்லப்பன்தான் முதலில் சொன்னான். அவன் இப்போது பாலைத் தானே கொண்டுவருகிறான்.

அதனால் உன்னைக் கேட்கிறேன். இந்தத் தடவை நான் உனக்கு எழுத மாட்டேன், நீ எனக்கு எழுது. எதை ஒத்துக்கொள்ளலாம், எதை ஒத்துக்கொள்ளக் கூடாது, ஒப்பந்தத்தில் எந்த இடத்தில் பார்க்க வேண்டும். ஆனால் ஒன்று. நீ எழுதுவதை நான் ஒளித்து வைத்துப் பேச மாட்டேன். எல்லோர் முன்னாலும் வாசிப்பேன். எழுதியது யார், அவன் போன தடவை யாருக்காக வந்தான் என்பதையும் சேர்த்தே சொல்வேன். அது உனக்குச் சம்மதமா என்று யோசித்துக்கொள். சம்மதமில்லை என்றாலும் நான் உன் அக்காதான்.

அம்சவல்லி

*

கொங்கண் முகாமிலிருந்து
28-12-91

அன்புள்ள அக்காவுக்கு,

வேலைக்கார ஜனங்களோடு சேர்ந்து சமைத்துச் சாப்பிடுகிறேன், தண்ணீர் கொதிக்க வைத்ததுதான். மாமாவின் காலைப் பற்றி நீ எழுதியது மனதை விட்டுப் போகவில்லை. தாம்பரத்தில் நல்ல டாக்டரிடம் ஒருமுறை காட்டு.

உன் கடிதம் வந்த அன்றே எழுத உட்கார்ந்தேன். தனிக் காகிதத்தில் எழுதி இதோடு வைத்திருக்கிறேன். கடினமான வார்த்தை எதுவும் இல்லை, யார் வேண்டுமானாலும் வாசிக்கலாம்.

ரோடு வேண்டாம் என்று சொல்லிவிடாதீர்கள். எனக்கு இன்றைக்கும் சுங்கம் தப்பு என்று தோன்றவில்லை. லாரிக்காரனிடமும் கார்க்காரனிடமும் வாங்கட்டும். ஆனால் புது ரோட்டைப் போடுகிறவனே பழைய ரோட்டையும் வருஷா வருஷம் செப்பனிட வேண்டும், செய்யாவிட்டால் அந்த மாதம் கேட்டில் காசு வாங்கக் கூடாது என்று எழுதி வாங்குங்கள். போட்ட பணம் வந்து சேர்ந்த பிறகு கேட்டை எடுத்துவிட வேண்டும். எப்போது என்பதை வாயால் சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். சைக்கிளுக்கு ஓரத்தில் தனி வழி கேளுங்கள். தர முடியாது என்பார்கள். முடியும். நான் வரைந்து காட்டியிருக்கிறேன்.

இப்படியெல்லாம் கேட்டால் இந்தக் கம்பெனியும் போய்விடலாம். மறுபடி மழைக்காலம் வரும், மறுபடி உன்னைத் திட்டுவார்கள். அதையும் மறைக்காமல் காகிதத்தில் எழுதியிருக்கிறேன். தெரிந்துகொண்டு ஊரே முடிவு செய்யட்டும்.

கீழே என் பெயரும் அப்பா பெயரும் போட்டிருக்கிறேன். எந்தக் கம்பெனிக்காகப் போன தடவை வந்தேன் என்பதையும், வீடு வீடாகச் சொல்ல வேண்டியதை அவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தவன் நான்தான் என்பதையும் முதல் வரியிலேயே எழுதிவிட்டேன். அந்த வரியை நீ வாசிக்க வேண்டாம், உனக்குக் கஷ்டமாக இருக்கும். பரசுராமனிடம் கொடு, அவருக்குக் குரல் கணீரென்று இருக்கும்.

காவேரிக்கு மாசியில் நாள் சொல்லியிருக்கிறார்கள். லீவு கேட்டிருக்கிறேன். வந்தால் முதலில் நம் வீட்டுக்குத்தான் வருவேன், எல்லப்பன் அண்ணன் வீட்டுக்கும் போக வேண்டும்.

கூட்டம் முடிந்ததும் எழுது. என்னை என்னவெல்லாம் சொன்னார்கள் என்று ஒன்று விடாமல் எழுது, திட்டினால் திட்டினதை அப்படியே எழுது. யார் சொன்னது என்று மட்டும் எழுதாதே.

உன் தம்பி
கோதண்டராமன்